பியோங்முனான்: நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

1. சிறுநீரகக் கல்

கொரியக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போய், அவரை இன்னும் கொஞ்சம் நோயாளியாக்கிவிட்டு வந்தேன்.

சவூதியின் ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் பிளாண்ட் கட்டிக்கொண்டிருந்தோம். நான் டைம்கீப்பர். எம்.ஏ. படித்துவிட்டுக் காயல்பட்டினத்திலிருந்து போனவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஓர் எண்ணம். எங்கள் செக்‌ஷனின் பெரியவர் ஒரு கொரியர். சிறுநீரகக் கல் வலி தாங்காமல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டூட்டி முடிந்ததும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன்.

போனவன் அவருடைய கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தேன். எந்தப் பக்கத்தில் கல், எவ்வளவு பெரிசு, டாக்டர் என்ன சொன்னார், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். என் பெரியவாப்பாவுக்கும் இதே கல் இருந்ததையும், அது கடைசியில் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் ஆங்கிலத்தில் விரிவாகச் சொன்னேன். நம் ஊரில் அக்கறை என்றால் அதுதான். எதையும் கேட்காமல் எழுந்து வந்தால், முகத்தைக் காட்டிவிட்டுப் போனான் என்பார்கள். அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். விசிட்டிங் டைம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

என்னோடு வந்திருந்தவர் யுன். அவரும் கொரியர், குவாஜாங் என்ற பதவி, நம் கணக்கில் மேனேஜர். அவ்வளவு நேரமும் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே இருந்தார். லிஃப்ட் அருகில் வந்ததும் என்னை நிறுத்தி, சிரித்தபடி ஆங்கிலத்தில் கேட்டார்: “மிஸ்டர் காசிம், அவரும் உங்க பெரியப்பா போன இடத்துக்கே போகணுமா?”

அன்றைக்குத்தான் பியோங்முனான் என்ற சொல்லைக் கற்றேன். நோயாளியைப் போய்ப் பார்த்து நலம் விசாரிப்பதற்குக் கொரிய மொழியில் அதுதான் பெயர்.

2. வார்த்தைகள்

இதைக் குவைத்தில், மங்காஃபில் மகள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் நம் பையன்கள் சிலர் ஒரு கொரியக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கொரிய சூப்பர்வைசர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். “மாமா, போய்ப் பாக்கணும், நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க” என்று வந்தார்கள். முதலில் அந்த நாலை விடுங்கள் என்றேன். கொரியர்களுக்கு நான்கு ஆகாத எண். சாவுக்கும் அந்த எண்ணுக்கும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. நோயாளிக்குப் பழம் கொண்டுபோனாலும் நான்காகக் கொண்டுபோகக் கூடாது.

யுன் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை இவை. போவதற்கு முன் வரலாமா என்று கேட்க வேண்டும். தலை சீவாமல், முகம் கழுவாமல் இருக்கும்போது மேலதிகாரியோ கீழே வேலை செய்பவரோ பார்த்துவிடக் கூடாது என்று கொரியர்கள் நினைப்பார்கள். ஆபரேஷன் நடந்த அன்றைக்கே போய் நிற்கக் கூடாது. வெள்ளைச் செவ்வந்தி சாவு வீட்டுப் பூ, அதைத் தொடவே வேண்டாம். தொட்டிச் செடியும் வேண்டாம், வேர் விடுகிற பொருள் என்பதால் நோயும் வேர் பிடிக்கும் என்று மனது சங்கடப்படுகிறவர்கள் உண்டு. ஜூஸ் பாட்டில்கள் அடுக்கிய அட்டைப்பெட்டிதான் எப்போதும் பத்திரம். நெருக்கமானவர் என்றால் ஜுக், அதாவது குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், இரண்டு கையாலும் வாங்க வேண்டும். கட்டிலில் உட்காரக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பதவியோடு “நிம்” என்ற மரியாதைச் சொல்லைச் சேர்க்க வேண்டும். என்ன நோய் என்று துருவக் கூடாது. வேலை விஷயம் பேசக் கூடாது. கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட வேண்டும்.

இனி வார்த்தைகள். உள்ளே போனதும் லேசாகக் குனிந்து, “மோமுன் ஜோம் ஒட்டோசேயோ?” உடம்பு எப்படி இருக்கிறது என்று அர்த்தம். பிறகு “ப்பல்லி நாஉசேயோ”. சீக்கிரம் குணமாகுங்கள். கொரியன் சைட்டில் ஒரு நாள் வேலை பார்த்தவனுக்குக்கூட ப்பல்லி தெரியும். காலையிலிருந்து ராத்திரிவரை காதில் விழுவது ப்பல்லி ப்பல்லிதான், சீக்கிரம் சீக்கிரம். அதே சொல்லை ஆஸ்பத்திரியில் மெதுவான குரலில் சொல்வார்கள். “கொக்ஜோங் ஹாஜி மாசேயோ” என்றால் கவலைப்படாதீர்கள். கிளம்பும்போது “மோம்ஜோரி ஜால்ஹாசேயோ”. உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிப் பார்த்தால் நான்கு ஆகிறது. ஐந்தாவதைக் கடைசியில் தருகிறேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் கற்றுக்கொள்வதற்காக வேறொருவர் தம் வலது கையைக் கொடுத்தார்.

3. சோஜாங் வந்த நாள்

வருஷங்கள் போயின. மெஸ்ஸிலும் சைட்டிலும் கேட்டுக் கேட்டு, பிறகு முறையாகப் படித்து, எனக்குக் கொரிய மொழி நன்றாக வந்தது. விசா காப்பியில் அட்மின் கோஆர்டினேட்டர் என்றிருக்கும். பார்த்த வேலை மொழிபெயர்ப்பு. ஒரு கம்பெனி முடிந்தால் அடுத்தது. ஓமானில் சோஹாரில் சில காலம், அபுதாபியில் ருவைஸில் சில காலம், கடைசியில் மறுபடியும் ஜுபைல். கொரியர்கள் என்னை நம்பினார்கள். காசிம் கூட இருந்தால் யாருக்கும் சங்கடம் வராது என்று ஒருவர் என் எதிரிலேயே சொன்னார். அந்தப் பாராட்டை நான் நீண்ட நாள் சுமந்து திரிந்தேன்.

கடைசியாக வேலை பார்த்த அந்த எக்ஸ்பான்ஷன் ப்ராஜெக்டில்தான் கருப்பையா இருந்தார். ஸ்கஃபோல்டர். பைப்பும் கிளாம்ப்பும் வைத்து உயரத்தில் சாரம் கட்டுவது வேலை. அறந்தாங்கிப் பக்கம். நாற்பதைத் தொட்ட வயது. எல்லாரையும் சிரிக்க வைப்பவர். கிரேனில் இறங்கிய பைப் கட்டு சரிந்து அவருடைய வலது கையை நசுக்கிவிட்டது. எலும்பைப் பொருத்தித் தையல் போட்டு விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் விரலை மடக்குகிற டெண்டன் அறுந்திருந்தது. அதற்கு இன்னொரு ஆபரேஷன் சீக்கிரமாகச் செய்ய வேண்டும். நாள் தள்ளினால் அது உள்ளே சுருங்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கான சர்ஜன் இல்லை. தம்மாமில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதியிருந்தார்கள். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வர வேண்டும்.

சைட் முழுவதற்கும் பொறுப்பான அதிகாரியைக் கொரிய மொழியில் சோஜாங் என்பார்கள். எங்கள் சோஜாங்கின் பெயர் ஹான். கருப்பையாவைத் தாமே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஸ்கஃபோல்டரைப் பார்க்க சோஜாங் போவது அடிக்கடி நடப்பதல்ல. காரில் போகும்போது, அவருக்குக் காரம் இல்லாத கஞ்சி பிடிக்குமா என்று என்னைக் கேட்டார். கொரியன் மெஸ் சமையல்காரரிடம் சொல்லி ஃபிளாஸ்க்கில் ஜுக் கொண்டுவந்திருந்தார். மடியில் ஜூஸ் பெட்டி. என் மனதுக்குள் பெருமை. இந்த விசிட் பிசிறில்லாமல் நடக்க வேண்டும் என்பது மட்டுமே என் யோசனையாக இருந்தது.

கருப்பையா எழுந்து உட்காரப் பார்த்தார். சோஜாங் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, குனிந்து, மரியாதைச் சொல்லில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஃபிளாஸ்க்கைத் திறந்து காட்டினார். கருப்பையா எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், “கஞ்சியா பாய்? இதக் குடிச்சுக் குடிச்சுப் பத்தாமத்தான இங்க வந்தோம்” என்றார். நான் அதை, நன்றி, எங்கள் ஊரிலும் இது உண்டு என்று மாற்றிச் சொன்னேன். சோஜாங்குக்குச் சந்தோஷம். “ப்பல்லி நாஉசேயோ” என்றார்.

மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. “மேல நிக்கிறப்பவும் ப்பல்லி, அடிபட்டுப் படுத்தாலும் ப்பல்லியா?” என்றார் கருப்பையா. இதை அப்படியே சொன்னேன். சோஜாங் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த எகிப்துக்காரரும் விஷயம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கருப்பையா குரலைத் தாழ்த்தினார்.

“பாய், ஒண்ணே ஒண்ணு இவர்ட்டக் கேட்டுச் சொல்லுங்க. என் மச்சினன் தஞ்சாவூர்ல டாக்டரப் பாத்து வச்சிட்டு ஒடனே வரச் சொல்றான். நான் லீவுல போனா என்னத் திருப்பி எடுப்பாங்களா? எடுக்க மாட்டாங்கன்னா அதையும் சொல்லட்டும். ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். தெரிஞ்சா ஒரு முடிவுக்கு வந்துருவேன்.”

அடிபட்டு ஊருக்குப் போனவர்களை, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி திருப்பிக் கூப்பிடாத கதைகள் கேம்ப்பில் எல்லாருக்கும் தெரியும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருடைய கை அந்தப் பதிலில்தான் இருந்தது.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். நலம் விசாரிக்க வந்த மேலதிகாரியிடம், கட்டிலருகே வைத்து வேலை இருக்குமா என்று கேட்பது அவரை மூலையில் தள்ளுவது போல. ஆம் என்றால் அவர் மாட்டிக்கொள்வார், இல்லை என்றால் வந்த காரியம் கெட்டுப்போகும். கருப்பையாவுக்கு இந்த நாசூக்கு தெரியாது, எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சோஜாங் பக்கம் திரும்பி, நீங்கள் நேரில் வந்ததற்கு மிகவும் நன்றி சொல்கிறார் என்றேன்.

சோஜாங் இன்னொரு முறை குனிந்தார். கவலைப்படாதீர்கள், உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மறுபடியும் சைட்டில் சந்திப்போம் என்றார். எல்லாக் கொரியரும் எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்வது. நாம் எல்லாம் சரியாகிவிடும் என்கிறோமே, அதுபோல.

“என்ன பாய் சொல்றாரு?”

“கவலப்படாதீங்கன்றாரு. ஒடம்பப் பாத்துக்கங்க, திரும்பவும் சைட்ல பாப்போம்னு சொல்றாரு.”

ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன். ஆனால் கருப்பையா அதைத் தன் கேள்விக்கு வந்த பதிலாகக் கேட்டுக்கொண்டார். வேறு எப்படிக் கேட்டுக்கொள்வார்? முகம் அப்படியே தெளிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, “அப்ப நான் எங்கயும் போகல பாய். இங்கயே இருந்து பாத்துக்கிறேன்” என்றார்.

எனக்குப் புரிந்தது. திருத்தவும் நேரம் இருந்தது. ஆனால் சோஜாங் கிளம்பத் தயாராகிவிட்டார். நல்ல விசிட், சுருக்கமாக முடிந்தது. நானும் பின்னால் நடந்தேன். காரில் ஏறியதும், கடைசியில் அந்த மனிதர் நிறையப் பேசினாரே, என்ன சொன்னார் என்று சோஜாங் கேட்டார்.

நன்றிதான், எங்கள் ஆட்கள் நன்றியை நீட்டித்தான் சொல்வார்கள் என்றேன்.

4. சுருக்கமான விசிட்

கருப்பையா மச்சினனுக்கு ஃபோன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். டிஸ்சார்ஜ் ஆகி கேம்ப்புக்கு வந்தார். சோஜாங்கே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போன கதை ரூம் ரூமாகப் பரவியது. ஹிந்திக்காரர்கள் அவரை நிறுத்தி, கியா பாய், கொரியா தோஸ்த் கைசா ஹை, உன் கொரிய சிநேகிதர் எப்படி இருக்கிறார் என்று கிண்டல் செய்வார்கள். அவரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

தம்மாம் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போனது. அப்ரூவல் வந்தால் சர்ஜன் லீவு. சர்ஜன் வந்தால் வேறு ஒரு பேப்பர் இல்லை. நான் ஆபீஸில் இருந்து எல்லாவற்றுக்கும் ஃபோன் போட்டேன், மெயில் போட்டேன். அது என் குற்ற உணர்ச்சி செய்த வேலை. செய்ய வேண்டியது வேறு. அவருடைய ரூமுக்குப் போய், கருப்பையா, உன் கேள்வியை நான் கேட்கவே இல்லை, நீ ஊருக்குப் போ என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நடந்து போகிற தூரம்தான்.

போகவும் செய்தேன், பல முறை. ஜூஸ் பெட்டியோடு போவேன். இரண்டு கையாலும் கொடுப்பேன். வலி எப்படி என்று கேட்பேன். உட்காராமல் கிளம்பிவிடுவேன். “இருங்க பாய், டீ போடச் சொல்றேன்” என்பார். டூட்டி இருக்கிறது என்பேன். நோயாளியைச் சோர்வடைய விடாமல் சீக்கிரம் கிளம்புவது நல்ல வழக்கம்தான். மறைக்க ஒன்று வைத்திருப்பவனுக்கு அது இன்னும் வசதியாக இருந்தது. நோயாளியை விசாரிப்பது எங்கள் மார்க்கத்திலும் கடமை. ஒவ்வொரு முறையும் கடமை முடிந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

கடைசியில் தம்மாமில் ஆபரேஷன் நடந்தது. வெளியே வந்த சர்ஜன் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னதை நான் கருப்பையாவுக்குத் தமிழில் சொன்னேன். டெண்டன் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது, சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, முடிந்ததைச் செய்திருக்கிறோம், ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். கடைசி வாக்கியத்துக்கு முன்புவரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் தேறின. மற்ற மூன்றும் மடங்கவில்லை.

5. ஃபோன்

ப்ராஜெக்டில் ஸ்கஃபோல்டிங் வேலை முடிவுக்கு வந்தது. சாரம் பிரிக்கும் ஆட்களைத் தவிர மற்றவர்களை அனுப்பத் தொடங்கினார்கள். கருப்பையாவுக்கும் ஃபைனல் எக்ஸிட், அதாவது விசாவை முடித்து ஒரேயடியாக ஊருக்கு அனுப்புவது, என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டார்.

அவர் என் ஆபீஸுக்கு வந்தார். கோபம் இல்லை. நம்பிக்கையோடு வந்தார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“இவங்களுக்கு வெவரம் தெரியல பாய். சோஜாங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஸ்டோர்ல, டூல் ரூம்ல, எங்கயாச்சும் போடட்டும். அவருதான் அன்னைக்குச் சொன்னாருல்ல.”

அவரை உட்காரச் சொல்லிவிட்டு சோஜாங் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் என்ன கேட்டார், நான் அதற்குப் பதிலாக என்ன சொன்னேன், காரில் என்ன சொன்னேன், பிறகு என்ன ஆனது என்று வரிசையாகச் சொன்னேன். கொரிய மொழியில் மன்னிப்புக் கேட்கப் பல படிகள் உண்டு. எனக்கு எல்லாம் தெரியும். அன்று எதுவும் வாயில் வரவில்லை.

சோஜாங் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அவர் என்னிடம் கேட்டாரா?” என்றார். பிறகு, “என்னிடம் கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டிருப்பேன். ஸ்கஃபோல்டிங் முடியப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரியும். அவருக்குத் திரும்பி வர இங்கே வேலை இருக்காது, போய் உங்கள் கையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லியிருப்பேன்” என்றார்.

உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன்.

“நான் அங்கே போனது ஜூஸ் கொடுக்கவா, காசிம்?”

அத்தனை வருஷத்தில் அவர் என்னை மிஸ்டர் இல்லாமல் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

எழுந்து என் ஆபீஸுக்கே வந்தார். நான் மொழிபெயர்க்க அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தம் ஃபோனை எடுத்தார். அதில் மொழிபெயர்க்கிற ஆப் இருந்தது. கருப்பையாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஃபோனில் பேசினார். ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பது போன்ற தமிழில் சொன்னது.

“உங்கள் கேள்வி எனக்குச் சொல்லப்படவில்லை.”

கருப்பையா ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. சோஜாங் மறுபடி பேசினார். குரல் மறுபடி வந்தது.

“நீங்கள் ஊருக்குச் சென்றால் மீண்டும் வேலை உண்டா என்று கேட்டீர்கள். நான் இல்லை என்று கூறியிருப்பேன். உடனே செல்லுங்கள் என்று கூறியிருப்பேன். நான் வருந்துகிறேன்.”

அந்த எந்திரத்துக்கு நாசூக்கு தெரியாது. மரியாதை, சங்கடம், நோயாளி அறையில் எதைப் பேசலாம் எதைப் பேசக் கூடாது என்பது எதுவும் தெரியாது. அதனால் அது இரண்டு மனிதர்களையும் ஒருவரோடொருவர் பேச வைத்தது. நான் முப்பது வருஷம் பார்த்த வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கருப்பையா ஃபோனை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“அப்ப அன்னைக்கு நீங்க கேக்கலையா பாய்?”

“கேக்கல கருப்பையா.”

“ஏன் பாய்?”

“அந்த எடத்துல அதக் கேட்டா மரியாதையா இருக்காதுன்னு நெனச்சேன்.”

“யாருக்கு?”

கேட்டுவிட்டுக் கருப்பையா மடங்காத மூன்று விரல்களை இடது கையால் தடவிக்கொண்டிருந்தார். சோஜாங் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ஃபோன் மட்டும், யாராவது பேசுவார்கள் என்று மேஜையில் விளக்கெரியக் காத்துக்கொண்டிருந்தது.

6. அறந்தாங்கி

சோஜாங் தம்மால் முடிந்ததைச் செய்தார். கருப்பையா கிளம்புகிறவரை பிசியோதெரபிக்குத் தினமும் வண்டி போனது. அதில் சுட்டுவிரலுக்குக் கொஞ்சம் பலம் வந்தது. மற்றவை அப்படியேதான்.

நான் ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும் அவருக்கு ஃபோன் செய்தேன். வரலாமா என்று கேட்டேன்.

“வாங்க பாய். கஞ்சி மட்டும் கொண்டாராதீங்க” என்றார்.

மச்சினனோடு சேர்ந்து கல்யாணப் பந்தல் போடும் தொழில் செய்கிறார். கம்பு கட்டுவதில்லை, எங்கே எந்தக் கால் ஊன்ற வேண்டும் என்று கீழே நின்று சொல்கிறார். நான் போன சமயம் அவருக்கு டைபாய்டு வந்து தேறிக்கொண்டிருந்தார். ஆக இதுவும் ஒரு பியோங்முனான்தான். பழக்க தோஷத்தில் ஜூஸ் பெட்டிதான் வாங்கிப் போயிருந்தேன். இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிவிட்டுச் சிரித்தார்.

“கொரியாக்காரன் மாதிரி மரியாதையா வாங்குறேன்னு நெனைக்காதீங்க பாய். ஒத்தக் கையில நிக்க மாட்டேங்குது.”

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் கதவோரம் நின்றார். நான் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“அன்னைக்கு நீங்க அந்த வார்த்தையக் கேட்டிருந்தா, இவுக கை வெளங்கியிருக்குமா?”

“ஏய், வந்தவுகள்ட்ட என்ன கேள்வி இது?” என்றார் கருப்பையா.

நலம் விசாரிக்கப் போன இடத்தில் சொல்வதற்கு எத்தனையோ வார்த்தைகள் எனக்குத் தெரியும், இரண்டு மொழியில். எல்லாம் விதிப்படி, யார் கண்டது, கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும். ஒவ்வொன்றும் நாக்கு நுனிவரை வந்தது.

“வெளங்கியிருக்கும்மா” என்றேன். “ஊருக்கு வந்திருந்தா வெளங்கியிருக்கும். டாக்டரும் அதத்தான் சொன்னாரு. அதையும் நான் இவர்ட்டச் சொல்லல.”

அந்தம்மா தலையை ஆட்டினார். அழவில்லை, திட்டவில்லை. “டீ ஆறிரும், குடிங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கருப்பையா என்னைப் பார்க்காமல் வாசலில் அடுக்கியிருந்த பந்தல் கம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்ப எழுந்தேன். அவர் இடது கையால் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“எங்க ஓடுறீங்க? இப்பயும் டூட்டியா?”

அன்று சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள்.

மங்காஃப் பையன்களே, இதுதான் நான் பாக்கி வைத்த ஐந்தாவது. “முரொபொசில் கொ இஸ்ஸுசேயோ?” கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். மற்ற நான்கையும் சொல்லி முடித்தபின் இதையும் சொல்லுங்கள். படுத்திருப்பவர் கொரியர் என்றால் கொரிய மொழியில், நம்மவர் என்றால் தமிழில். அவர் எதையாவது கேட்டால், அதைக் கேட்க வேண்டியவரிடம் அப்படியே கொண்டுபோய்ச் சேருங்கள். வரும் பதில் எதுவானாலும் அதையும் அப்படியே திருப்பிக் கொண்டுவாருங்கள். நடுவில் நின்று எதையும் விழுங்காதீர்கள்.